இருப்பு எத்தனை நாளுக்கு வரும்? 2020இல் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்திக் கற்றவை

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத் திருத்தம் 2020 செப்டம்பர் 29ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, டெல்டா கடலோரத்தில் ஒரு சிறிய அறக்கட்டளைக்குச் செயலாளராக இருந்தேன். அடுத்த ஏழு வாரங்களில் நாங்கள் தவறாக எடுத்த முடிவுகளால் வந்த கேடு கொஞ்சம்தான். எடுக்காமல் தள்ளிப்போட்ட முடிவுகளால் வந்ததுதான் அதிகம். ஆடிட்டரைக் கேட்டால் சட்டம் என்ன சொல்கிறது என்பார். பெரிய அமைப்புகளைக் கேட்டால் டெல்லியில் என்ன நடக்கிறது என்பார்கள். "இந்த வெள்ளிக்கிழமைக்குள் நீ என்ன செய்ய வேண்டும்" என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அதே இடத்தில் இன்னொருவர் தனியாக நின்றால் அவருக்குப் பயன்படட்டும் என்றுதான் கணக்கோடு எழுதுகிறேன்.

அப்போது எங்களிடம் இருந்தவை: 34 மாலைநேரப் படிப்பு மையங்கள், ஒவ்வொன்றுக்கும் அதே ஊர்ப் பெண் ஒருவர் ஆசிரியை, மாத மதிப்பூதியம் 4,000 ரூபாய். தனியாக வாழும் 60 முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு, ஆளுக்கு 45 ரூபாய், மாதம் 26 நாள். முழுநேர ஊழியர்கள் 11 பேர், சம்பளம் மொத்தம் 2,05,000. வாடகை, வண்டி, மின்சாரம், தணிக்கை எல்லாம் சேர்த்து 45,000. ஆக மாதச் செலவு சுமார் 4,56,000 ரூபாய். வரவில் 62 சதவீதம் ஒரே இடத்திலிருந்து வந்தது. இந்தியாவில் இருக்கும் ஒரு பெரிய அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்கி, அதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிரித்துக் கொடுத்தது. ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் பணம், அதாவது லாபத்தில் சமூகப் பணிக்கென்று ஒதுக்குவது, 18 சதவீதம். மீதி 20 சதவீதம் உள்ளூர் நன்கொடை. ஒரே பணப்பையில் 62 சதவீதம் இருப்பது ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்பது ஆண்டு தவறாமல் வந்த பணம் என்பதால் யாரும் அதை ஆபத்தாக உணரவில்லை.

மார்ச் 25இல் ஊரடங்கு வந்தபோதே முதல் பிழை செய்தோம். முதியவர்களுக்குச் சமைத்துக் கொண்டுபோக முடியாது என்றதும் 42 ரூபாய் விலையில் 600 கிலோ அரிசி வாங்கி ஆளுக்குப் பத்துக் கிலோ கொடுத்தோம். 25,200 ரூபாய். அந்த ஏப்ரலில் ரேஷன் அட்டைதாரர்களுக்கு அரசு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசமாகக் கொடுத்து, ஆயிரம் ரூபாய் பணமும் கொடுத்தது. அரிசி எல்லா வீட்டிலும் இருந்தது. அவர்களுக்கு இல்லாதது பிரஷர், சர்க்கரை மாத்திரை. வழக்கமாக அரசு மருத்துவமனைக்குப் பேருந்தில் போய் வாங்கி வருவார்கள், பேருந்து ஓடவில்லை. பத்துப் பேருக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் இது தெரிந்திருக்கும். நெருக்கடி நேரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து தேவையை ஊகிப்பது வேகமான வழி போலத் தோன்றும், ஆனால் கேட்டுவிட்டுச் செய்வதுதான் வேகம். கேட்பதற்கு ஒரு கேள்வி போதும்: "நாளைக்கு வீட்டில் எது இல்லாமல் போகும்?"

மையங்கள் மூடிக் கிடந்தன. ஆசிரியைகளுக்கு மதிப்பூதியம் தொடர்ந்து கொடுத்தோம். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் "ஒரு மாதம் பார்க்கலாம்" என்று முடிவு செய்தவர்கள் அந்த ஒரு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதிவைக்கவில்லை. அது ஆறு மாதமாக நீண்டது. ஜூனில் சிஎஸ்ஆர் நிறுவனம், இந்த ஆண்டு ஒதுக்கீடு கொரோனா நிவாரணத்துக்குப் போகிறது என்று ஒரு வரியில் மின்னஞ்சல் அனுப்பியது. அப்போதும் அக்டோபர் தவணை இருக்கிறதே என்று இருந்தோம்.

செப்டம்பர் 21இல் மக்களவையிலும் 23இல் மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது. அதில் எங்களைத் தொட்டவை மூன்று. ஒன்று, வெளிநாட்டு நன்கொடை வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றக்கூடாது, அந்த இன்னொரு அமைப்புக்குப் பதிவு இருந்தாலும் கூடாது. இரண்டு, நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைந்தது. மூன்று, வெளிநாட்டுப் பணம் இனி டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையின் கணக்கில் மட்டுமே முதலில் வந்து விழ வேண்டும். முதலாவதுதான் எங்கள் கழுத்தைப் பிடித்தது. எங்களிடம் எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்க அந்தச் சட்டப்படி வேண்டிய பதிவு, இருந்தது, நேரடி வெளிநாட்டு நன்கொடையாளர் ஒருவர்கூட இல்லை.

உடனே பெரிய அமைப்புக்குப் போன் செய்தேன். "வக்கீலைக் கேட்டிருக்கிறோம், பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கும் அப்போது தெளிவில்லை. "பார்த்துச் சொல்கிறோம்" என்பதைப் "பணம் வரும், கொஞ்சம் தாமதம்" என்று நான்தான் மாற்றிக் கேட்டுக்கொண்டேன். அறங்காவலர்களிடமும் அப்படியே சொன்னேன். தீபாவளி நவம்பர் 14. வழக்கம்போல அரைமாதச் சம்பளம் போனஸாகக் கொடுத்தோம், ஒரு லட்சத்துக்கு மேல். தீபாவளி முடிந்த திங்கட்கிழமை கடிதம் வந்தது: சட்டப்படி இனி மாற்ற இயலாது, வருந்துகிறோம். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவியிடம்கூட இரண்டு நாள் சொல்லவில்லை.

இப்போது கணக்கு. செப்டம்பர் 30 அன்று வங்கி இருப்பு 19,40,000 ரூபாய். மாதம் நாலரை லட்சம் செலவு என்றால் நான்கு மாதம் தாங்கும் என்று எல்லாரும் நினைத்தோம். நான்கு மாதம் என்ற அந்த நினைப்புதான் எங்களைத் தூங்கவைத்தது. அதில் ஆறு லட்சம் கார்பஸ், வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டும் என்று கொடுத்தவர் எழுதிக் கொடுத்த பணம். 2,80,000 சிஎஸ்ஆரில் நடமாடும் நூலக வண்டிக்கென்று வந்தது. 2,25,000 ஐந்தாண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்குத் தர வேண்டிய பணிக்கொடை, தனியாக எடுத்துவைக்காததால் இருப்பு போலத் தெரிந்தது. 3,10,000 வெளிநாட்டு நன்கொடையின் மிச்சம், அதைப் படிப்பு மையங்களுக்கு மட்டும் செலவிடலாம். இவற்றையெல்லாம் கழித்தால் எங்கள் விருப்பப்படி செலவிடக்கூடிய பணம் 5,25,000. முழுச் செலவில் 35 நாளுக்கு வரும். மையங்களுக்கான பணத்தைச் சேர்த்தால் 55 நாள்.

எந்த அமைப்பை நடத்துபவரும் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது, நெருக்கடி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பாஸ்புக்கில் உள்ள தொகையை ஒரு தாளின் மேலே எழுதுங்கள். அதிலிருந்து குறிப்பிட்ட வேலைக்கென்று வந்த பணம், கார்பஸ், ஊழியருக்குத் தர வேண்டிய கடன், இன்னும் தராத பில்கள் என ஒவ்வொன்றாகக் கழியுங்கள். மிஞ்சுவதை மாதச் செலவால் வகுத்து முப்பதால் பெருக்குங்கள். வரும் எண்ணைத் தொகையாகச் சொல்லாமல் நாளாகச் சொல்லுங்கள். "பத்தொன்பது லட்சம் இருக்கிறது" என்றால் அறங்காவலர் கூட்டத்தில் தேநீர் வரும். "35 நாள் இருக்கிறது" என்றால் பேச்சு வரும்.

அந்த ஏழு வாரத்தில் வழக்கமான செலவு சுமார் 7,37,000. உள்ளூர் நன்கொடை 1,10,000 வந்தது. மையங்களுக்கான பணத்தையும் சேர்த்து, போனஸ் போக, கடிதம் வந்த அன்று கையில் மிச்சம் சுமார் 1,05,000. ஏழு நாள் பணம். அக்டோபர் முதல் தேதியே சுருக்கியிருந்தால் அந்த ஏழு வாரத்தில் மூன்றரை லட்சம் மிஞ்சியிருக்கும். பிறகு நாங்கள் தாக்குப்பிடித்து நடத்திய 14 மையங்களின் ஆறு மாத மதிப்பூதியம் அது.

"பணம் வருமா வராதா என்று தெரியாதபோது எப்படி முடிவெடுப்பது?" என்று அப்போது பலமுறை கேட்டோம். வருமா வராதா என்பது எங்கள் கையில் இல்லாத கேள்வி. எங்கள் கையில் இருந்த கேள்வி வேறு: வராவிட்டால் எந்தத் தேதியில் எதை நிறுத்துவோம்? பிறகு கற்றுக்கொண்ட முறை இது. ஒரு தாளை மூன்று பத்தியாக மடித்து, "முழுவதும் வருகிறது", "பாதி வருகிறது", "வரவில்லை" என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் அடுத்த 13 வாரத்துக்கு வாரவாரியாக வரவும் செலவும் எழுதுங்கள். மாதவாரியாக எழுதினால் சம்பள நாளுக்கும் தவணை நாளுக்கும் நடுவில் விழும் பள்ளம் தெரியாது. மூன்று பத்தியிலும் பொதுவாகச் செய்ய வேண்டிய வேலைகள் சில கண்ணில் படும். எங்களுக்கு அது புதிய ஆள் எடுக்காமல் இருப்பது, வண்டி வாங்குவதைத் தள்ளுவது, டெல்லிக் கணக்குத் திறப்பது. அவற்றை மறுநாளே தொடங்கிவிடலாம், காத்திருக்க வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு ஒரு எல்லைக்கோடு போட வேண்டும். "நவம்பர் 1க்குள் எழுத்தில் உறுதி வராவிட்டால் 20 மையங்கள் நவம்பர் 30ஓடு நிறுத்தம்" என்பது போல, ஒரு தேதி அல்லது ஒரு தொகை. நிலைமை அமைதியாக இருக்கும்போதே இந்தக் கோட்டைப் போட்டு, தீர்மானமாக மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அந்த நாள் வரும்போது எல்லாருக்கும் "இன்னும் ஒரு வாரம்" என்றுதான் தோன்றும். எழுதியிருந்தால்தான் அந்த ஒரு வாரத்தைக் கேட்பவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

தொகைக்கோட்டை எங்கே போடுவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மரியாதையாக நிறுத்துவதற்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். எங்களுக்கு 20 ஆசிரியைகளுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு மதிப்பூதியம் 80,000, ஆறு ஊழியர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் 1,16,000, அலுவலகத்தில் ஒரு பகுதியைக் காலிசெய்ய மூன்று மாத வாடகை 24,000, தணிக்கைக் கட்டணம் 30,000. இரண்டரை லட்சம், பணிக்கொடை நீங்கலாக. விருப்பப்படி செலவிடக்கூடிய பணம் இந்தத் தொகையைத் தொடும் முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியபின் நிறுத்துகிறவர் அடுத்தவர் வயிற்றில் அடித்துத்தான் நிறுத்த முடியும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

யார் முடிவெடுப்பது என்பதும் தெளிவில்லாமல் இருந்தது. செக்கில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அக்டோபரில் 71 வயதுத் தலைவர் கொரோனாவோடு மருத்துவமனையில் 16 நாள் இருந்தார். பணம் இருந்தும் ஆசிரியைகளுக்குக் கொடுக்க முடியவில்லை. "மூவரில் எவரேனும் இருவர்" என்று மாற்ற ஒரு தீர்மானமும் வங்கியில் கேஒய்சி தாள்களும் போதும், சாதாரண நாளில் ஒரு வார வேலை. வருமானவரி இணையதளத்தின் ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது, அவர் எடுக்க முடியாத நிலையில் இருந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதிவையுங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்து, கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை பேர் வேண்டும், சுற்றறிக்கை மூலம் தீர்மானம் போடலாமா, போனிலோ வீடியோவிலோ கூடலாமா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். இல்லையென்றால் திருத்த வழி உண்டா என்று வக்கீலிடம் கேளுங்கள். அத்துடன் செயலாளர் தானாக எவ்வளவு வரை முடிவெடுக்கலாம் என்று ஒரு எல்லை வேண்டும். நாங்கள் பிறகு 25,000 ரூபாய் வரை செயலாளர், அதற்குமேல் மூவர் குழு 48 மணி நேரத்துக்குள், ஊழியரை நிறுத்துவதும் மையம் மூடுவதும் முழுக் கூட்டம் என்று வைத்தோம்.

கடிதம் வந்தபின் நாங்கள் முதலில் எடுத்த முடிவு எல்லாவற்றிலும் 30 சதவீதம் குறைப்பது. எல்லாருக்கும் சமம், யாரும் மனம் கோணமாட்டார்கள் என்று நினைத்தோம். இரண்டே வாரத்தில் சாப்பாட்டில் முட்டை நின்றது, காய் குறைந்தது. மதிப்பூதியம் 2,800 ஆனதும் நல்ல ஆசிரியைகள் இருவர் இறால் பதப்படுத்தும் வேலைக்குப் போனார்கள். எந்த வேலையும் உருப்படியாக நடக்கவில்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பது முடிவெடுப்பது போலத் தெரியும், உண்மையில் முடிவைத் தவிர்க்கும் வழி அது. சிலவற்றை முழுதாக நடத்தி, மீதியை முழுதாக நிறுத்துவதுதான் வலித்தாலும் சரியான வழி. எதை வைத்துக்கொள்வது என்பதற்குக் கேட்க வேண்டியவை: இது நின்றால் யாருக்காவது உயிருக்கோ உடம்புக்கோ கேடு வருமா? இதே உதவி அவருக்கு வேறு எங்காவது கிடைக்குமா? நிறுத்தினால் பிறகு திரும்பத் தொடங்க முடியுமா? முதல் கேள்வியிலேயே மதியச் சாப்பாடு தப்பிவிட்டது, அதைத் தொடக்கூடாது. மையங்களுக்கு இரண்டாவது கேள்வி. அதற்கு விடை எங்களிடம் இல்லை, ஆசிரியைகளிடம் இருந்தது. அவர்களை மூன்று குழுவாக உட்காரவைத்து, 14 மையத்துக்குத்தான் பணம் இருக்கிறது, எந்த ஊர் என்று நீங்கள் சொல்லுங்கள் என்றோம். என்னுடைய பட்டியலுக்கும் அவர்கள் பட்டியலுக்கும் ஆறு ஊர்கள் வித்தியாசம். வீட்டில் படிக்க வெளிச்சமே இல்லாத குடியிருப்புகள் எவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "என் ஊர்ல டியூஷன் இருக்கு சார், என் மையத்த எடுத்துடுங்க" என்று ஒரு ஆசிரியை தானே சொன்னார். அவருக்கு அந்த 4,000 எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும்.

புதிய திட்டம்: 14 மையங்கள் 56,000, சாப்பாடு 70,000, ஐந்து ஊழியர்கள் 89,000, அலுவலகம் 25,000. மாதம் 2,40,000.

ஊழியர்களிடம் சொல்வதை நான் தள்ளிப்போட்டதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். அவர்களுக்கு அக்டோபரிலேயே தெரியும், வங்கிக்குப் போய்வருபவர் அவர்களில் ஒருவர்தானே. தெரியாதது போல ஏழு வாரம் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். மூவர் தாமாகவே விலகினார்கள், அதில் இருவர் நாங்கள் எப்பாடு பட்டாவது வைத்துக்கொள்ள நினைத்தவர்கள். மௌனமாக இருந்தால் வேறு வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகள்தான் முதலில் போவார்கள். மோசமான செய்தியைச் சொல்லும்போது மூன்று விஷயம் இருந்தால் போதும்: இன்றைக்கு நமக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது, அடுத்து இந்தத் தேதியில் சொல்வேன். புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்தத் தேதியில் கூடி "புதிதாக ஒன்றும் இல்லை" என்று சொல்ல வேண்டும்.

நிறுத்துவதாக இருந்தால் சட்டப்படி தர வேண்டியதை முதலில் எடுத்துவையுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கடைசிச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 12,000 சம்பளத்தில் எட்டு ஆண்டு என்றால் சுமார் 55,400. முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். அறக்கட்டளைதானே, சேவைதானே என்று இதற்கு விலக்கு கிடையாது. சம்பளம் கொடுப்பதற்காக பிஎஃப் கட்டுவதைத் தள்ளிப்போடும் ஆசையும் வரும். வேண்டாம். அதில் ஊழியரிடம் பிடித்த பங்கும் இருக்கிறது, அது உங்கள் பணமே இல்லை. 12 சதவீத வட்டியும் தண்டத் தொகையும் பின்னால் வந்து சேரும்.

நூலக வண்டிக்கு வைத்திருந்த 2,80,000 ரூபாயை வேறு வேலைக்கு எடுக்கலாமா என்று அந்த நிறுவனத்திடம் கேட்க ஐந்து வாரம் கூச்சப்பட்டேன். கேட்டால் நம்மைத் திறமையற்றவர்கள் என்று நினைப்பார்கள் என்று ஒரு பயம். கடைசியில் இருப்புக் கணக்கு, புதிய திட்டம், எந்த மையத்துக்கு எவ்வளவு என்று இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். ஒன்பதாம் நாள் எழுத்தில் சம்மதம் வந்தது. கேட்காமல் எடுத்திருந்தால் அது நம்பிக்கை மோசடி, கேட்டு வாங்கினால் அது திட்ட மாற்றம். கார்பஸைத் தொடலாமா என்றும் ஒரு கூட்டம் முழுக்கப் பேசினோம். கொடுத்தவர் உயிரோடு இல்லை, அவர் எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்கிறது. தொடவில்லை. அறங்காவலர்கள் மூவர் தலா ஒரு லட்சம் வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். இப்படி வாங்கும்போது தீர்மானம் போட்டு, கடன் என்று எழுதி, வங்கி வழியாக மட்டும் வாங்க வேண்டும். 20,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்குவதும் திருப்பித் தருவதும் வருமானவரிச் சட்டத்தில் தவறு, அதே அளவு அபராதம் வரும்.

பிறகு உள்ளூர்ப் பக்கம் திரும்பினோம். இத்தனை நாள் உண்டியல் போலச் சில்லறையாக நினைத்திருந்த பணம்தான் கைகொடுத்தது. பழைய நன்கொடையாளர்கள், வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மைய மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று 600 பேருக்கு வாட்ஸப்பில் ஒரு கடிதம். "உதவுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், மாதச் செலவு இவ்வளவு, இருப்பு இத்தனை நாள், மாதம் 500 ரூபாய் தரும் 140 பேர் வேண்டும் என்று எழுதினோம். நான்கு மாதத்தில் 140 பேர் சேர்ந்தார்கள். பிறந்தநாளுக்கும் திதிக்கும் ஒரு நாள் சாப்பாடு என்றால் 2,700 ரூபாய் என்று கணக்குச் சொன்னதும் அதற்கும் ஆட்கள் வந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடையாளருக்கு வருமானவரிச் சலுகை கிடையாது. பெயர், முகவரி இல்லாமல் வரும் பணம் ஒரு எல்லையைத் தாண்டினால் அறக்கட்டளைக்கு 30 சதவீத வரி உண்டு. ஆகவே ஐம்பது ரூபாய்க்கும் ரசீது போட்டு விவரம் எழுதுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் ஊர்க்காரர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைதான், உள்ளூர்க் கணக்கில் வாங்கினால் சட்டமீறல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது உள்ளூர் நன்கொடை. பாஸ்போர்ட் நகலை வாங்கிவைத்தே ரசீது போடுங்கள்.

சேமிப்பு வைத்தால் வரித்துறை பிடிக்கும் என்று பல சிறிய அமைப்புகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நாங்களும் மார்ச்சில் மிஞ்சும் பணத்தை அவசரமாகச் செலவழித்தே பழகியிருந்தோம். வரவில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், 15 சதவீதத்தை நிபந்தனையில்லாமல் வைத்துக்கொள்ளலாம். எங்கள் அளவுக்கு ஆண்டுக்கு எட்டு லட்சம். அதற்குமேலும் வைக்க வேண்டுமென்றால் எந்த நோக்கத்துக்கு என்று சொல்லி உரிய படிவம் தாக்கல் செய்து ஐந்தாண்டு வரை வைக்கலாம். ஒன்பது ஆண்டில் பாதி பாதி வைத்திருந்தால்கூட அந்த நவம்பரில் நான் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

டெல்லிக் கணக்கைப் பற்றி ஒன்று. டெல்லிக்கு நேரில் போக வேண்டியதில்லை, அருகில் உள்ள ஸ்டேட் பாங்க் கிளையிலேயே விண்ணப்பிக்கலாம். கெடு முதலில் 2021 மார்ச் 31, பிறகு ஜூன் 30 வரை நீட்டினார்கள். நேரடி நன்கொடையாளரே இல்லாதபோது எதற்கு என்று இரண்டு அறங்காவலர்கள் கேட்டார்கள். திறந்துவைத்தால் பிறகு மூடிவிடலாம், கெடு தாண்டினால் அந்தக் கணக்கு இல்லாமல் வெளிநாட்டுப் பணம் வாங்கும் வழி அடைபடும். இப்படி மாற்றிக்கொள்ளக்கூடியது எது, மாற்ற முடியாதது எது என்று பிரித்துப் பார்த்தால் பாதி விவாதம் குறையும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைப் பார்த்தும் பலர் பயந்தார்கள். ஆசிரியர் சம்பளம், மருத்துவர் சம்பளம் போல நோக்கத்துக்கே நேரடியாகப் போகும் செலவு விதிப்படி நிர்வாகச் செலவில் சேராது. கணக்குப் புத்தகத்தில் "சம்பளம்" என்று ஒரே தலைப்பில் எழுதியிருந்தால்தான் சிக்கல்.

2021 மே மாதம் இரண்டாம் அலை. மே 10 முதல் முழு ஊரடங்கு என்று 8ஆம் தேதி அறிவிப்பு வந்தது. அன்று மதியமே ஆசிரியைகள் முதியவர் அறுபது பேரையும் போனிலோ வாசலிலோ கேட்டு முடித்தார்கள். மாலை மூவர் குழு நாற்பது நிமிடம் பேசியது. அரிசி வேண்டாம், பருப்பு ஒரு கிலோ, எண்ணெய் அரை லிட்டர், மிளகாய்த்தூள், புளி, முட்டை, சோப்பு, அவரவர் மாத்திரை இரண்டு வாரத்துக்கு. 9ஆம் தேதி இரவுக்குள் கொடுத்து முடித்தோம். 24ஆம் தேதி திரும்பப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதினோம். 22ஆம் தேதியே தளர்வில்லா ஊரடங்கு அறிவிப்பு வந்தது, அதே பட்டியலை அப்படியே திரும்ப வாங்கினோம். நிலைமை முந்தைய ஆண்டைவிடக் கொடுமையாக இருந்தது, ஊரில் மரணங்கள் இருந்தன. வேலை மட்டும் குழம்பவில்லை.

நோட்டு என்று சொன்னேனே, அது நாற்பது ரூபாய் லாங் சைஸ் நோட்டு. ஒவ்வொரு முடிவுக்கும் தேதி, அன்றைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, என்ன செய்தோம், ஏன், எப்போது திரும்பப் பார்ப்போம் என்று அரைப் பக்கம். முடிவு தவறாகிப் போகும்போது அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பேச அது உதவுகிறது. இல்லாவிட்டால் எல்லாரும் "நான் அப்போதே சொன்னேன்" என்பார்கள், யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

2021 அக்டோபரில் தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தைத் தொடங்கியது. மாலையில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். மூடிய 20 மையங்களை மீண்டும் திறப்பதா என்று அந்த மாதம்தான் கூட்டம் வைத்திருந்தோம். திறக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். எங்கள் பழைய ஆசிரியைகள் ஒன்பது பேர் அதில் தன்னார்வலரானார்கள், கரும்பலகையும் கதைப் புத்தகங்களும் அவர்களுக்குக் கொடுத்தோம். கொடுக்கப் போன ஒரு ஊரில் ஒரு அம்மா, பையன் மூன்றாம் வகுப்பு, என்னை நிறுத்திக் கேட்டார்: "மூடப் போறோம்னு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே வீட்டுக்கு இருபது ரூபா போட்டு டீச்சர வச்சிருப்போமே சார், ஏன் சொல்லல?" அந்த ஊரில் மையத்துக்கு வந்த பிள்ளைகளின் வீடுகள் நாற்பத்தொன்று. நாங்கள் போட்ட மூன்று பத்தித் தாளில் அந்த வரவுக்கு இடமே இல்லை. இப்போது போடும் தாளில் நான்காவதாக ஒரு பத்தி இருக்கிறது, அதை ஊரில் உட்கார்ந்துதான் நிரப்புகிறோம்.